உன்னிடம் கேட்ட காலேஜ்

எய்யா முத்து,

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். போனில் பேசிவிடலாம்தான். ஆனால் நீ கேட்டது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. மெதுவாகப் படி. ஒரு பக்கம் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் மிச்சத்தைப் படித்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புனே பஸ்ஸில் உன் பையை ஏற்றிவிட்டு அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்த நேரம், நீ ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டாய். "யம்மா, நாம காலேஜ் தேடி அலைஞ்ச வருஷம் இருக்குல்லா, அதுல பாதி எனக்கு நெனப்பே இல்ல. எங்க போனோம், யாரு என்ன சொன்னா, எல்லாம் கலங்கலாத்தான் இருக்கு. நீ எழுதித் தாயேன். எனக்கு மட்டும் இல்ல, வேற யாருக்காவதும் ஆவும்." பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த வருஷம் எனக்கு ஒரு நாள்கூட மறக்கவில்லை என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ மறந்திருக்கிறாய் என்றும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பன்வேலைத் தாண்டி இருந்த அந்த இன்ஜினியரிங் காலேஜில் உனக்கு சீட் கிடைத்த அன்று அப்பா தான் வேலை பார்க்கிற கார்கானாவில் பெல்ட் வெட்டுகிற எல்லோருக்கும் பால் பேடா கொடுத்தார். ஊரில் நாம் பட்டறை என்று சொன்னாலும் இந்தத் தாராவியில் அது கார்கானாதானே. என்னுடைய தையல் கார்கானாவிலும் யூனிஃபார்ம் மூட்டைகளுக்கு நடுவில் நின்று நானும் கொடுத்தேன். நம் சந்திலேயே முதல் இன்ஜினியர் என்றார்கள். நீ ஹாஸ்டலுக்குப் போன புதிதில் தினமும் கூப்பிட்டு என்ன குழம்பு என்று கேட்பாய். பிறகு நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது. "ம்", "சரி", "வச்சிருதேன்". அதற்குப் பிறகு அதுவும் இல்லை. படிப்பு அதிகம் போல என்று அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு சனிக்கிழமை மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது என்னமோ மனசு அடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டேன்.

உன் அறை ஜன்னலில் போர்வையை மாட்டியிருந்தாய். பட்டப்பகலில் உள்ளே இருட்டு. தட்டில் பருப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து ஏன் வந்தாய் என்றுகூட நீ கேட்கவில்லை. "யம்மா, எனக்கு எந்திரிக்க முடியல" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு குளி குளிச்சா எல்லாம் சரியாப் போவும், வா" என்றேன். காய்ச்சல் என்றால் எனக்குக் கைவைத்தியம் தெரியும், வயிற்றுவலி என்றால் தெரியும். இது என்னவென்றே தெரியாதவளுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

கீழே வந்து வார்டனைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். எம்மகன் எவ்வளவு நாளாக வகுப்புக்குப் போகவில்லை என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வகுப்பு வாத்தியார் ஒருவருக்குப் போன் போட்டார். அவருக்கும் தெரியவில்லை. "ஆன்ட்டி, இங்க எல்லாம் பெரிய பசங்க. யாரு வர்றான், யாரு வரலன்னு ஒவ்வொருத்தனையா பாக்க முடியுமா?" என்று இந்தியில் சொன்னார். பக்கத்து அறைப் பையன்தான், "தீபாவளிக்கு முன்னாலேர்ந்தே அவன் வெளிய வர்றதில்ல" என்றான். அப்போது கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பன்வேலில் ஏறியதிலிருந்து குர்லா வரைக்கும் நீ என் தோளில் சாய்ந்து தூங்கினாய். உன்னைவிட நான் உயரத்தில் எவ்வளவு குறைச்சல். கழுத்தை வளைத்துக்கொண்டு தூங்கினாய். கூட்டம் ஏற ஏற ஒரு பெண் என்னைப் பார்த்து, "குடிச்சிருக்கானா?" என்று கேட்டாள். இல்லை, உடம்பு சரியில்லை என்றேன். எனக்குத் தெரிந்த வார்த்தை அதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மராத்திக்கார டாக்டரம்மா, சின்னப் பெண்தான், உன்னிடம் தனியாக வெகுநேரம் பேசினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு இந்தியில் விளக்கினாள். பாதிதான் புரிந்தது. நம் சந்தில் இதற்கெல்லாம் ரெண்டே வார்த்தைதான் இருந்தது. ஒன்று, நல்லா இருக்கான். இன்னொன்று, கிறுக்கு. நடுவில் ஒன்றுமே கிடையாது. நீ நடுவில் இருந்தாய். உனக்கு ஒரு வார்த்தை இல்லாமல் நான் தவித்தேன். அந்தப் பெண் என் முழங்கையைத் தொட்டு, "அம்மா, இது நோய். சோம்பேறித்தனம் இல்ல. மாத்திரை உண்டு, பேச்சு உண்டு, நேரம் ஆகும்" என்றாள். மாத்திரையை நீயாக நிறுத்தவும் கூடாது, நான் நிறுத்தச் சொல்லவும் கூடாது என்று ரெண்டு பேரிடமும் சத்தியம் வாங்காத குறைதான். படிப்பைப் பற்றிக் கேட்டேன். "இப்ப வேண்டாம். அவனா கேக்கட்டும்" என்றாள்.

நீயாகக் கேட்கிறவரைக்கும் இருந்த அந்த மாதங்களைத்தான் நீ மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன். நீ பெரும்பாலும் படுத்திருந்தாய். மழை வந்து போயிற்று. பிறகு மெல்ல மெல்ல என் கார்கானாவுக்கு வர ஆரம்பித்தாய். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற கோடைக்காலம், யூனிஃபார்ம் வேலை மலைபோல் இருந்தது. தைத்து விழுகிற சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிக்கிற வேலையை நீயே எடுத்துக்கொண்டாய். பேச மாட்டாய். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம், கரண்ட் போய் மிஷினெல்லாம் நின்ற நேரத்தில், தலையைத் தூக்காமலே கேட்டாய்.

"யம்மா, நான் திரும்பப் படிக்கட்டுமா?"

"படியேன்யா. என்ன படிக்க?"

"இன்ஜினியரிங் வேண்டாம். ஜியாகிரஃபி படிக்கணும். பி.ஏ."

சின்ன வயதில் கெஸ்ட் வந்தால்கூட அட்லஸை விட்டு எழுந்திருக்காதவன் நீ. எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பி.ஏ.வா? இன்ஜினியருக்குப் போனவன் பி.ஏ. படிக்கான்னா சனம் என்ன நெனைக்கும்?" என்றார். அது ஒரு வாரச் சண்டை. அது தீர்ந்ததும் அடுத்தது ஆரம்பித்தது. "படிக்கட்டும். ஆனா சீக்குன்னு காலேஜ்ல ஒருத்தனுக்கும் தெரியப்பிடாது. சொன்னா சீட்டு தரமாட்டான். தந்தாலும் மத்த பிள்ளைய இவனப் பாத்துச் சிரிக்கும். நீ வாயத் தொறக்கக் கூடாது, பாத்துக்க."

அப்பா மேல் கோபப்படாதே. அவர் பயந்துபோயிருந்தார். நானும்தான். ஆனால் அந்த வார்டன் முகம் எனக்கு மறக்கவே இல்லை. தெரியாத இடத்தில்தானே நீ அத்தனை நாள் போர்வைக்குள் கிடந்தாய்? ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று திரும்பவும் சேர்த்தால், திரும்பவும் ஒருவருக்கும் தெரியாமல்தானே போகும்? அதனால் நான் ஒரு தந்திரம் பண்ணினேன். காலேஜுக்குப் போய், என் அக்கா மகனுக்கு என்று சொல்லிக் கேட்பது. உன்னையும் கூடவே கூட்டிக்கொண்டு. உண்மையில் எனக்கு அக்காவே கிடையாது.

முதலில் போனது பம்பாய்க் கோட்டைப் பக்கம் உள்ள பெரிய பேர்போன காலேஜ். கல் வளைவு, உயரமான படிக்கட்டு. உள்ளே போகவே எனக்குச் செருப்பைக் கழற்றலாமா என்று இருந்தது. ஆபீஸில் கண்ணாடி போட்ட ஒருவர் பொறுமையாகப் பேசினார். என் ஓட்டை இந்தியில் கேட்டேன். எங்க அக்கா மகனுக்கு மனசு சரியில்லாமல் இருந்து இப்போது தேறி வருகிறான், அந்த மாதிரிப் பிள்ளைகளை இங்கே எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று. அவர் சிரித்தார். "இங்க அந்த மாதிரிப் பசங்க யாரும் இல்லைங்க. எல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க. கவலையே வேண்டாம்."

எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. அந்த மாதிரி யாருமே இல்லாத இடம் என்றால் நல்ல இடம்தானே? பஸ்ஸில் வரும்போது உன்னிடம் அதைத்தான் சொன்னேன். நீ சிரித்தாய். ஒரு வருஷத்துக்கும் மேலாக உன் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "இருக்காவம்மா. எல்லா காலேஜ்லயும் இருக்காவ. அவர்கிட்ட சொல்லமாட்டாவ, அவ்வளவுதான்" என்றாய். எனக்கு உடனே விளங்கவில்லை. நாம் இறங்கவேண்டிய சயான் வந்தபோதுதான் விளங்கியது.

அடுத்தது வாஷியில், கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு புதுக் காலேஜ். அங்கே என் தந்திரமே தேவைப்படவில்லை. அவர்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கவுன்சலிங் ரூம் என்று பித்தளையில் போர்டு, சுவரில் நீலப் பெயிண்ட், மெத்தை வைத்த சோபா, செடி. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இதுதான் என்று முடிவே பண்ணிவிட்டேன். நீதான் என் புடவை முந்தானையை இழுத்துக் காட்டினாய். சோபாவுக்கு மேல் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஒருத்தர்கூட அதில் உட்கார்ந்ததில்லை. திரும்பி வரும்போது கேண்டீனில் டீ குடித்தோம். பக்கத்து மேஜையில் இருந்த பெண்பிள்ளைகளிடம் நீ, கவுன்சலர் மேடம் எப்போது வருவார்கள் என்று கேட்டாய். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். "கவுன்சலரா? நம்ம காலேஜ்லயா?" என்றாள். அன்றைக்குப் படித்தது இது. ஆபீஸில் கேட்பதைவிடக் கேண்டீனில் கேட்பது மேல். அன்றிலிருந்து எந்தக் காலேஜுக்குப் போனாலும் முதலில் ஒரு டீ.

செம்பூர் காலேஜுக்கு நாம் போனதே அப்பாவால்தான். நாம் ரெண்டு பேரும் இப்படி அலைந்து வெறுங்கையோடு வருவதைப் பார்த்து, "பக்கத்துல ஒண்ணு இருக்குல்லா, அதப் பாத்தா என்ன?" என்றார். அரைநாள் லீவு போட்டு அவரும் வந்தார். வரும் வழியெல்லாம் என்னிடம், "அக்கா மவன்னே சொல்லு. மாத்திச் சொல்லிராத" என்றபடியே வந்தார். கட்டடத்தைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. பெயிண்ட் உரிந்து, மாடிக் கம்பியில் துரு ஏறி, ஒரு ரயில் போனால் ஜன்னல் எல்லாம் கடகடவென்று ஆடியது. ஆனால் கேண்டீனில் அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் ஒரு பையன், "தேஷ்முக் மேடமா? லைப்ரரிக்குப் பக்கத்துல. இன்னைக்கு இருப்பாங்க. வியாழக்கிழமை வரமாட்டாங்க" என்று சமோசாவை மென்றுகொண்டே சொன்னான்.

அந்த அறையில் சோபா கிடையாது. மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கை உடைந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். உன்னைப் பார்த்து, வரிசையில் நிற்கிறவனைப் பார்ப்பது போல, "அஞ்சு நிமிஷம், மேடம் டீ குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெட்கமே படவில்லை அந்தப் பிள்ளை. எனக்கு அதுவே போதும் போல இருந்தது.

தேஷ்முக் மேடம் என் வயதுக்காரர்தான். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். எங்க அக்கா மகன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு... அந்த இடத்தில் நீ என்னை நிறுத்தினாய். கையைத் தூக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. தரையைப் பார்த்தபடி இந்தியில் சொன்னாய். "அக்கா மகன் இல்ல மேடம். நான்தான்."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன். மேடம் கதவைப் பார்க்கவே இல்லை. உன்னைத்தான் பார்த்தார். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. சீட் உண்டா இல்லையா என்றும் சொல்லவில்லை. "ஒரு நாளில் உனக்கு எந்த நேரம் ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டார்.

நீ யோசித்துச் சொன்னாய். "காலையில். எந்திரிக்கிறதுதான்."

"ஜியாகிரஃபிக்கு முதல் கிளாஸே காலையில்தான். அதை என்னால் மாற்ற முடியாது" என்றார். "அட்டெண்டன்ஸ் விதி இருக்கு, அதையும் மாற்ற முடியாது. ஆனா டாக்டர் லெட்டர் இருந்தா நானும் உன்னோட புரொபசரும் பிரின்சிபாலிடம் பேசலாம். பரீட்சையைப் பெரிய ஹாலில் எழுதக் கஷ்டமா இருந்தா சின்ன ரூம் கேட்கலாம். சில சமயம் கிடைக்கும், சில சமயம் கிடைக்காது. நான் எல்லா நாளும் இங்க இருக்கிறதில்ல." இப்படி ஒவ்வொன்றாக, முடிவதையும் முடியாததையும் சொன்னார். வாஷியில் எல்லாம் முடியும் என்றார்கள். இவர் பாதிக்கு முடியாது என்றார். எனக்கு இவரிடம்தான் நம்பிக்கை வந்தது. நான் அந்த வார்டனை நினைத்துக்கொண்டு கேட்டேன். "மேடம், எம்மகன் ரெண்டு நாள் வரலைன்னா இங்க யாருக்குத் தெரியும்?" அவர் என்னிடம் பதில் சொல்லாமல் உன் பக்கம் திரும்பினார். "நீ வரலைன்னா நாங்க யாரைக் கூப்பிடணும்? நீயே சொல்லு. வீட்டுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாதுன்னும் நீதான் சொல்லணும்."

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவளுக்குச் சொல்லக்கூடாதது என்ன இருக்கு? அந்த எரிச்சலில் நான் ஸ்டேஷன் ரோடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தது உனக்கு நினைவிருக்காது. நீ நின்று சொன்னாய். "யம்மா, எல்லாரும் என்னப் பத்தி ஒன்கிட்டதான் கேட்டாவ. இவங்க ஒருத்தங்கதான் என்னைய கேட்டாங்க." பிள்ளையை ஒரு காலேஜில் சேர்க்கிறவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளணும் என்று நினைக்கிறேன். அந்த அறைக்குள் நடப்பது பிள்ளையுடையது. கதவுக்கு வெளியே நிற்கத் தெரியணும். எனக்கு அது சுலபமாக வரவில்லை. இப்போதும் வரவில்லை.

அப்பா டீக்கடையில் நின்றிருந்தார். நம்மைப் பார்த்ததும் ரெண்டு கட்டிங் டீ சொன்னார். கிளாஸை வாங்கி நம் கையில் கொடுத்தார். பிறகு, "காலேஜ் ரொம்பப் பழசா இருக்கு" என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ஆனா ஒரே பஸ். பக்கம்" என்றார். அதுதான் அவர் சம்மதம். நாம் காலேஜ் தேடிய கதை அத்தோடு முடிந்தது.

சேர்ந்தபிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். முதல் வருஷம் நன்றாகப் போயிற்று. ரெண்டாம் வருஷ மழையில் உனக்குத் திரும்ப வந்தது. நீ தினமும் காலையில் பை மாட்டிக்கொண்டு கிளம்பினாய், நானும் டப்பா கட்டிக் கொடுத்தேன். ஒரு நாள் மிஷின் சத்தத்தில் போன் அடித்ததே கேட்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன். தேஷ்முக் மேடம். "முத்து நேத்தும் வரல, இன்னைக்கும் வரல. அவன் கொடுத்த நம்பர் இது. அதனால கூப்பிடறேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் வெட்டிக்கொண்டிருந்த தோலை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

காலேஜ் பக்கமெல்லாம் தேடிவிட்டுப் போனால் செம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரம் பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய் என்று அப்பா பிற்பாடு சொன்னார். அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். நிறைய ரயில் போனதாம். ரெண்டு பேரும் வடாபாவ் தின்றீர்களாம். சாயங்காலம் சேர்ந்தே வந்து சேர்ந்தீர்கள், நனைந்துபோய். அடுத்த நாளே டாக்டரைப் போய்ப் பார்த்தோம், மாத்திரையை மாற்றினார்கள். அந்தப் பெஞ்சில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று இன்றுவரைக்கும் ரெண்டு பேரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஒரே ஒருமுறை அப்பா தானாகச் சொன்னது இது மட்டும்தான். "நல்லவேள, போன் வந்துச்சு. அந்தப் பன்வேல் காலேஜுன்னா நமக்கு எப்பம் தெரிஞ்சிருக்கும்?"

அந்தப் பருவத்துப் பேப்பர் சிலதை நீ எழுதவில்லை. மற்ற பிள்ளைகள் முடித்துப் போனபிறகு நின்று எழுதினாய். சின்ன அறை ஒருதரம் கிடைத்தது, ஒருதரம் கிடைக்கவில்லை. கிடைக்காத அன்றும் எழுதிவிட்டு வந்தாய். வகுப்பில் முதலாவதாக வரவில்லை. கோட்டைப் பக்கக் காலேஜ் பெயரும் உன் சர்டிபிகேட்டில் இல்லை. ஆனால் வீட்டுக்குள் வரும்போதே நீ பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்த நாட்கள் கூடிக்கொண்டே போயின. எனக்கு அதுதான் மார்க்கு.

எம்.ஏ.வுக்குக் காலேஜ் பார்க்க நீ தனியாகப் புனே போன அன்று, என்னையும் கூட்டிப் போவாய் என்று நினைத்து நல்ல புடவையை எடுத்து வைத்திருந்தேன். "நான் மட்டும் போயிட்டு வாரேன்மா" என்றாய். சரி என்று சொல்லிவிட்டு, மத்தியானம் வரைக்கும் ஒரு காலரைத் தைத்துப் பிரித்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து சொன்னாய், பெரிய பேர் உள்ள இடத்தை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்ததை. ஏன் என்று கேட்டேன். "அங்க சீனியர் ஒருத்தன்கிட்ட கேட்டேன். இங்க யாராவது ஒரு வருஷம் நின்னு திரும்ப வந்து படிச்சிருக்காங்களான்னு. அவன் தெரியாதுன்னான். இன்னொரு காலேஜ்ல இருந்த பையன்கிட்ட கேட்டேன். ரெண்டு பேரக் காட்டுனான்." எனக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. நான் கூட வராமல் போனது நல்லதுதான். ஆனாலும் வலித்தது. ரெண்டும் உண்மை.

எய்யா, உனக்குச் சொல்லணும் என்று என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. போனில் நான் நல்லா இருக்கியா என்று கேட்கும்போது நல்லா இருக்கேன் என்று என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம். மோசம் என்றால் மோசம் என்று சொல். நான் ஓடிவர மாட்டேன். நீ கூப்பிட்டால் மட்டும் வருவேன். சொல்ல வேண்டாம் என்று இருந்தால், அங்கே யாரிடமாவது சொல். ஒருவருக்காவது தெரிந்திருக்கணும்.

இன்னொரு விஷயம். நீ போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் அப்பாவும் நானும் உன் பெரிய அத்தைக்கு எதிரில் உட்கார்ந்தோம். அத்தைக்குத்தான் குரல் எப்போதும் பெரிசாயிற்றே. "முத்து என்ன இவ்வளவு வருஷமா படிச்சிக்கிட்டே இருக்கான்? இன்ஜினியருன்னிய, பொறவு பி.ஏ.ன்னிய, ஒண்ணும் புரியலையே" என்றாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. நான், "இல்ல மைனி, அது வந்து..." என்று இழுத்தேன். அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவனுக்கு நடுவுல மனசு சரியில்லாம இருந்துச்சுக்கா. வைத்தியம் பாத்தோம், இன்னும் பாக்குதோம். ஒரு காலேஜ் அவனுக்குச் சரிப்படல. இன்னொண்ணு பாத்துச் சேத்தோம். இப்ப மேல படிக்கான்" என்றார். சாதாரணமாக, சாம்பார் கேட்கிற குரலில் சொன்னார். "நீ சாப்பிடுக்கா, பாயாசம் ஆறுது."

அத்தை குனிந்து பாயாசத்தைக் குடித்தாள். நான் என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அப்பா இலையில் வைத்தேன். கை கழுவுகிற இடத்தில், விக்ரோலியில் இருக்கிற நம் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், பேர் வேண்டாம், அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாகக் கேட்டார். "மச்சான், அந்தக் காலேஜ் எங்கன இருக்கு? நம்ம மவளுக்குத்தான்..."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். பஸ் நம்பரெல்லாம் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கடைசியாக அப்பா சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

"போகும்போது பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க, மாப்ள. நீங்க பேசாதிய. அவ பேசட்டும்."

உன் அம்மா